பதினாலாவது கட்டம்

ஆறா ஏழா. வாணலியில் போண்டா ஏழு மிதந்தது, அதில் யாருக்கும் சந்தேகம் வராது, கண்ணால் பார்த்ததை எண்ணிச் சொல்ல ஒண்ணாங்கிளாஸ் படிப்பு போதும். கூடத்தில் டிவி முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குத்தான் இன்று காலையில் ஏழு ஆறாகத் தெரிந்திருக்கிறது. அம்சவேணி ஜல்லிக்கரண்டியால் போண்டாக்களைப் புரட்டினாள். வலது மணிக்கட்டில் சுருக்கென்று ஒரு வலி ஏறி முழங்கை வரை போய்த் திரும்பி வந்தது. மிக்ஸிக்குப் பக்கத்தில், எண்ணெய் தெறிக்காத இடமாகப் பார்த்து, அந்த மடிப்பு அட்டை கிடந்தது. பதினெட்டுக் குழிக்குப் பதினெட்டுக் கட்டம். பதினேழு கட்டத்தில் அவளுடைய குண்டு குண்டான கான்வென்ட் எழுத்தில் எண்கள். பதினாலாவது மட்டும் காலி. அடியில் அவர் கையெழுத்து இருக்கிறது, கட்டமெல்லாம் நிரம்புவதற்கு முன்பே போட்டது, தெய்வசிகாமணி என்று ஆரம்பித்து ஒரு பாம்பு நெளிந்து முடியும். அதற்குப் பக்கத்தில் எண்ணி எழுதியவள் கையெழுத்துக்கான கோடு, அதுவும் காலி. என்ன பிரமாதமான விளையாட்டு! ஒரு வெள்ளைப் பந்தைக் குச்சியால் அடித்து அடித்து நானூறு கஜத்துக்கு அப்பால் இருக்கிற பொந்துக்குள் தள்ள வேண்டும், குறைச்ச அடியில் தள்ளியவன் ஜெயித்தவன், அவ்வளவுதான், மீதி எல்லாம் தொப்பியும் கையுறையும். இதற்கு நடுவர் கிடையாதாம். அவனவன் மனசாட்சிதான் நடுவராம். இந்த வாக்கியத்தை இந்த வீட்டில் அவள் எத்தனை தடவை கேட்டிருப்பாள், கல்யாண வீடுகளில், மாப்பிள்ளையிடம், பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே. "கிரிக்கெட்ல அம்பயர் தலையைத் திருப்பினா ஏமாத்துவானுங்க. கோல்ஃப் அப்படியில்லீங்க. நம்ம தப்ப நாமளே சொல்லணும்." சொல்லணும். சொன்னீங்களா? "அம்முணி, போண்டா ஆச்சா?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. காரியம் ஆக வேண்டியிருந்தால் மட்டும் அம்முணி. மற்ற நாளெல்லாம் "ஏ புள்ள". "ஆகுது, ஆகுது," என்றாள், "எண்ணெய்க்கும் மனசாட்சி இருக்குதுங்க, அவசரப்பட்டா உள்ள வேகாது."

காலையில் சாரல் விட்டிருந்தது. ஆடிக்காத்து வேறு, தொப்பியைத் தூக்கிக்கொண்டு போகிற காத்து. கிளப்பின் மழைக்காலக் கோப்பைக்குக் கடைசி நாள். இவரோடு ஜோடியாக ஆட வேண்டியவர் சனிக்கிழமை விருந்துப் பிரியாணியில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டு வரவில்லை, அதனால் இவர் தனியாகப் போனார், தனியாகப் போகிறவன் அடிகளை எண்ணி எழுத ஓர் ஆள் வேண்டும், கமிட்டியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், சிக்கியோட வீட்டம்மாவுக்குத்தான் ரூல் புக் மனப்பாடமாச்சே என்று. சிக்கி! தெய்வசிகாமணி என்று பாட்டன் பெயரைப் பெற்றவர்கள் ஆசையாக வைத்தால், ஐம்பத்தாறு வயசில் ஒரு மனுஷனை சிக்கி என்று கூப்பிடுகிறார்கள், அவரும் வாலை ஆட்டுகிறார். பதினாலாவதில் முதல் அடியே வலப்பக்கம் பறந்து உண்ணிச்செடிப் புதருக்குள் விழுந்தது. பை தூக்குகிற மாரப்பனை முன்னால் அனுப்பிவிட்டார், பந்து எங்கே இறங்குகிறது பார் என்று. அவள் மூங்கிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். செருப்பில் முள் ஏறியிருந்தது, குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள், ஆனால் குனிந்தால் கண் அவிந்தா போய்விடும்? பார்த்தாள். இடது காலை ஒரு கல்லின் மேல் மாற்றி வைத்தார். பின்பக்கம் சட்டை உண்ணி முள்ளில் மாட்டியிருந்தது. நாக்கு நுனி வாயின் இடது ஓரத்தில் எட்டிப் பார்த்தது. வீசினார். இலை பறந்தது, பூ பறந்தது, எங்கேயோ ஒரு மயில் அகவியது, பந்து இருந்த இடத்தில் இருந்தது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "ப்ராக்டிஸ்," என்றார். சும்மா வீசிப் பார்த்தாராம். அடிக்கிற எண்ணத்தோடு வீசினால் பந்தில் பட்டாலும் படாவிட்டாலும் அது ஓர் அடி, விதி அப்படி, சும்மா வீசிப் பார்த்தால் கணக்கில்லை. எண்ணத்தை யார் பார்ப்பது? அவள் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷம் அந்த நாக்கைப் பார்த்திருக்கிறாள். வெறுமனே வீசும்போது அது வெளியே வராது. நிஜமாக அடிக்கும்போதுதான் வரும், ஊசியில் நூல் கோக்கிற கிழவி மாதிரி. கிளப்பில் குழந்தைகூட அதைச் செய்து காட்டிச் சிரிக்கும். போன வருஷ ஆண்டு விழாவில் மிமிக்ரிக்காரன் செய்தான், இவரே விழுந்து விழுந்து சிரித்தார். ஆக, நாக்கு வந்தது, ஆக, அது அடி, ஆக, ஏழு. பொந்தில் பந்து விழுந்ததும் "ஆறு, எழுதிக்க" என்று நடந்தார். அவள் எழுதவில்லை. பென்சில் கூர் மழுங்கிவிட்டது என்றாள். பதினஞ்சாவதிலிருந்து எழுதினாள், அதே மழுங்கல் பென்சிலால். அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் ஒருவேளை, என்று ஆரம்பித்தாள், ஒருவேளை என்ன, என்று நிறுத்தினாள், ஒரு போண்டா கருகிக்கொண்டிருந்தது.

ரூல் புக் மனப்பாடமான கதை ஒரு பெரிய காதல் கதை என்று கிளப் பெண்கள் நினைக்கிறார்கள். ஊட்டியில் ஹனிமூன். ஏழு நாள். ஏழு நாளும் காலை ஆறரைக்கு மனுஷன் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், மேலதிகாரி ஒருத்தர் கற்றுக்கொள்ளச் சொன்னாராம், கற்றுக்கொண்டால் வாழ்க்கை எங்கேயோ போய்விடுமாம். ஹோட்டல் அறையில் ஒரு பைபிள், ஒரு டெலிபோன் டைரக்டரி, அவர் விட்டுப்போன விதிப் புத்தகம். பைபிளைக் குன்னூர் கான்வென்டிலேயே பத்து வருஷம் படித்தாயிற்று. டைரக்டரியில் அவளுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இருபத்துநாலு வயசுப் புதுப்பெண் கம்பளிப் போர்வைக்குள் உட்கார்ந்து, பந்து எறும்புப் புற்றில் விழுந்தால் என்ன, பந்தை நாய் கவ்விக்கொண்டு போனால் என்ன என்று படித்தாள். மத்தியானம் அவர் வந்ததும் அவளைக் கேள்வி கேட்கச் சொல்வார். இதுதான் கொஞ்சல். ஒரு நாள் படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் தூங்கிப்போனார், அவள் மட்டும் மீதியை வாசித்து முடித்தாள், கடைசிப் பக்கம் வரை, அச்சிட்ட ஊர் பேர் வரை. இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார், "எம் பொண்டாட்டிகிட்ட கேளுங்க, அக்குவேறா ஆணிவேறா சொல்லுவா." சொல்லுவா. எப்போதும் அவர் பக்கம்தான் சொல்லுவா. அவள் பார்த்தது, கேட்டது, கையெழுத்துப் போட்டது எல்லாம் எப்போதும் அவர் பக்கம்தான். மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள் மகன் எட்டிப் பார்க்காததைத் தம்பிமார் கேட்டார்கள், இங்கேதானே இருந்தார், இப்பத்தான் போனார் என்று சொன்னது யார்? சொல்லும்போது நாக்குக் கூசவில்லை. பழகிவிடும். எண்ணெய்ப் புகை பழகுகிற மாதிரி.

கூடத்திலிருந்து கைதட்டல் சத்தம் வந்தது. இங்கிலாந்தில் எங்கேயோ கடலோரத்தில் புயல் வருகிறதாம், அதனால் ஆட்டத்தை விடிந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் கோயமுத்தூரில் ஒரு வீட்டில் மத்தியானச் சோறு டிவி முன்னால் தட்டில் காய்ந்தது. வருஷத்துக்கு நாலு பெரிய போட்டியாம். நாலையும் ஒரே வருஷத்தில் ஜெயித்தவன் இந்தக் காலத்தில் எவனும் இல்லையாம். இந்த வருஷம் ஒரு செம்பட்டைத் தலைப் பையன் மூன்றை ஜெயித்துவிட்டு நாலாவதில் நிற்கிறான், இருபத்தேழு வயசு, முகமெல்லாம் புள்ளி. அவன் பெயர் அவளுக்கு வாயில் நுழையும், நுழைய விடவில்லை, செம்பட்டை போதும். இந்த வருஷத்தை அவள் மாதத்தால் நினைக்கவில்லை, செம்பட்டையால் நினைக்கிறாள். முதல் கோப்பை ஏப்ரலில். அவள் அம்மா போய் இருபது நாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர் இலையில் உட்கார்ந்து வடை இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, சரி, மாமியார்தானே, ஆம்பிளைக்கு எங்கே வரும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஏப்ரலில் அந்தத் திங்கட்கிழமை விடிகாலை பால் காய்ச்ச எழுந்து வந்தால் மனுஷன் டிவி முன்னால் தேம்பித் தேம்பி அழுகிறார். பயந்துபோய் ஓடினாள். "ஜெயிச்சுட்டான் அம்முணி, ஜெயிச்சுட்டான்." வேட்டி நுனியால் மூக்கைச் சிந்தினார். அன்றைக்குப் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, அவள் துடைக்கவில்லை, சாயங்காலம் வரை அப்படியே விட்டாள். இரண்டாவது மே மாதம். பூனேயிலிருந்து மகள் மிருதுளா போன் பண்ணினாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில், அப்பாகிட்ட குடும்மா, நானே சொல்றேன், நான் அவன் வீட்டை விட்டு வந்துட்டேன். ஸ்பீக்கரில் போட்டு நீட்டினாள். அவர் கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல் கையை மட்டும் தூக்கினார், டிராஃபிக் போலீஸ் மாதிரி. "உஷ். இரு கண்ணு. அவன் பொந்துல தள்ளப் போறான்." அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. மகள் இன்றுவரை அப்பாவிடம் பேசவில்லை, அப்பாவுக்கு அது இன்னும் தெரியவில்லை, வேலை ஜாஸ்தி போல என்கிறார். மூன்றாவது ஜூனில், பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு இவ்வளவு பெரிசாக வீங்கியது. "ஐஸ் வை புள்ள," என்று கூடத்திலிருந்தே வைத்தியம். நாலாவது இன்றைக்கு. நாலாவதுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? அட்டை.

வாசலில் கார்க்கதவு சாத்துகிற சத்தம். கிளப் கேப்டன் முத்துரத்தினம். நூல் மில்காரர், நல்ல மனுஷன், நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொல்லியே அவருக்கு அதை விட்டால் வேறு வேலை இல்லாமல் போய்விட்டது. கடைசி ஆட்டத்தைச் சேர்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. அதோடு அட்டையையும் அவரே வாங்கிக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமை அட்டைகளை மரப்பெட்டியில் போட ஆறரை மணிவரை நேரம், ஆறரைக்குக் கேப்டன் மணியடித்துப் பெட்டியைத் திறப்பார், அது அந்தக் கிளப்பில் வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். "வாங்கண்ணா," என்றாள். "என்ன தங்கச்சி, வாசம் கேட் வரைக்கும் வந்துருக்குது! எங்க ஊட்ல எண்ணெயே கண்ணுல காட்ட மாட்டேங்கறாங்க." "டாக்டர் சொன்னாருன்னு அக்கா சொன்னாங்களே." "டாக்டருக்கு என்ன, அவன் திருட்டுத்தனமா எங்க மில் மெஸ்லதான் திங்கறான்." சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவர் உட்காருவதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார். "அண்ணா, போன்ல சொன்னேன்ல, மொத்தம் எண்பத்தொண்ணு. பதினாலுல ஆறு, அதுதான் கொஞ்சம் ஒதைச்சிருச்சு." போனிலேயே சொல்லியாயிற்றா. சரிதான். "ஆரோக்கியசாமியும் எண்பத்தொண்ணுதான் சிக்கி. சமமாயிட்டா கடைசி ஒம்போது குழியில யாரு கொறச்சலோ அவங்களுக்கு. அது நீதான்." "பாவம் மனுஷன்," என்றார் இவர், வாயெல்லாம் பல்லாக, "நாலு வருஷமா ரெண்டாவதாவே வர்றாரு. டிவிஎஸ் ஃபிஃப்டில மட்டையக் கட்டிக்கிட்டு வர்றவருக்கு இதே பெருசுங்கண்ணா." காலேஜில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ரிடையரான ஆரோக்கியசாமி அவளைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார், வேறு ஒன்றும் பேச மாட்டார். அந்தத் தொப்பியில் வேர்வை உப்பு வட்டம் வட்டமாக. ஆறு என்று எழுதினால் கிளப்பின் தேக்குப் பலகையில் தங்க எழுத்தில் இவர் பெயர், டவுன்ஹாலிலிருந்து பெயிண்டர் வந்து எழுதுவான், அவள் செத்துப்போன பிறகும் அது அங்கே தொங்கும். ஏழு என்று எழுதினால் தொங்காது. ஓர் எண்ணுக்கு இத்தனை பவரா என்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது. போண்டாத் தட்டை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். சட்னியில் உப்புப் பார்க்கவில்லை. பார்க்கவும் போவதில்லை.

சமையலறையில் நின்றபடி அட்டையைப் பார்த்தாள். காலிக் கட்டம் பல் விழுந்த வாய் மாதிரி இளித்தது. உண்மையைச் சொல்லு அம்சவேணி, நீ என்ன அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணா? ஏப்ரலில் இந்த மனுஷன் உன் தோளில் ஒரு கையை வைத்திருந்தால், மே மாசம் அந்தப் பிள்ளையிடம் சாப்பிட்டியா கண்ணு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆறு போட்டிருப்பாயா இல்லையா? போட்டிருப்பேன். அப்போ இது நேர்மை இல்லை, வன்மம். சரி, வன்மம்தான், இருந்துவிட்டுப் போகட்டும், வன்மத்தால் எழுதினால் ஏழு ஏழாக இல்லாமல் போய்விடுமா? கான்வென்ட் சிஸ்டர் ஜெர்ட்ரூட் இருந்தால் விட மாட்டாள், சுண்டுவிரலால் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, செயல் முக்கியமில்லை பெண்ணே, நோக்கம், நோக்கம் என்பாள். நோக்கமாம். குன்னூரில் பனி இறங்கின ஒரு சாயங்காலம், சிற்றாலயத்து வண்ணக் கண்ணாடியில் ஹாக்கிப் பந்து பட்டு ஒரு புனிதரின் பாதம் உடைந்துபோனது. அடித்தது ஷீலா. எஸ்டேட் மானேஜர் மகள், விடுதிக்குக் கேக் கொண்டுவருகிறவள், அம்சவேணியின் பக்கத்துக் கட்டில். வரிசையில் நிறுத்தினாள் சிஸ்டர். யார் பார்த்தீர்கள்? பதினோரு வயசு அம்சவேணி பார்த்தாள், பந்து போனதை, ஷீலா மட்டையைப் பின்னால் மறைத்ததை, எல்லாவற்றையும். பார்க்கவில்லை சிஸ்டர். குரல் எவ்வளவு சுத்தமாக வந்தது, பிரேயர் சொல்கிற மாதிரி. கடைசியில் சமையல்காரி மகள் ஹெலனை முட்டி போட வைத்தார்கள், ஹாக்கி மட்டையே இல்லாத ஹெலனை, சரளைக்கல் மேல், இருட்டும்வரை. எழுந்தபோது அவள் முட்டியில் கற்கள் பதிந்திருந்தன, ஒவ்வொன்றாகப் பிடுங்கிப்போட்டாள், அழவில்லை, அம்சவேணியைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு நாற்பது வருஷமாக ஒரு பதில் யோசித்து வைத்திருக்கிறாள், ஒன்றும் சரியாக வரவில்லை. ஹெலன் இப்போது எங்கேயோ. கோல்ஃப் ஆடுகிறாளோ என்னவோ. சீ, என்ன நினைப்பு. எழுதினால் என்ன ஆகும்? கத்துவாரா? கத்த மாட்டார், அதுதான் பயம். நாலு நாள் பேச மாட்டார், சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுவார், ஐந்தாம் நாள் தன் தங்கச்சிக்குப் போன் போட்டு, உங்க அண்ணிக்கு வயசுக்கோளாறு என்பார். தனியாக எங்கே போவாள்? குன்னூர் வீடு தம்பி பேரில். பூனேயில் மிருதுளாவின் ஒற்றை அறை. ஒரு எண்ணுக்காக யாராவது வீட்டை விட்டுப் போவார்களா? பைத்தியம். ஆறு போடு. பென்சிலை எடுத்தாள். மணிக்கட்டு வலித்தது. ஆறு வளைவு, வலிக்கும். ஏழு இரண்டு கோடு. நல்ல காரணம், என்று தனக்குத்தானே கடுகடுத்துக்கொண்டு பென்சிலைக் கீழே போட்டாள்.

"ஐயோ!" என்று கூடத்தில் கேப்டனின் குரல். அவள் கதவு ஓரத்தில் போய் நின்றாள். டிவியில் செம்பட்டை முழங்கால் உயரப் புல்லில் நின்றான். காற்று சட்டையை உப்ப வைத்தது. மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தவன் சட்டென்று பின்வாங்கினான், கையை உயர்த்தினான், ஓர் அதிகாரியைக் கூப்பிட்டான். "என்னாச்சு, என்னாச்சு?" "பந்து நகர்ந்துருச்சாம்ணா. அவன் மட்டை பட்டுத்தான் நகர்ந்துச்சுன்னு அவனே சொல்றான்." திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டினார்கள், நாலு பக்கத்திலிருந்தும் கேமரா, எதிலும் ஒன்றும் தெரியவில்லை, புல் ஆடுவதுதான் தெரிந்தது. அதிகாரி ஏதோ கேட்டார், நிச்சயமா என்று கேட்டிருப்பார். செம்பட்டை தலையை ஆட்டினான். ஓர் அடி தண்டம். மூன்று குழி கழித்து எல்லாம் முடிந்தது, ஒரே ஓர் அடியில் தோற்றான், நாலாவது போயிற்று, இந்தக் காலத்தில் எவனும் செய்யாததை இவனும் செய்யவில்லை, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஜெயித்தவனிடம் போய்க் கை கொடுத்தான். தலைமயிர் வேர்வையில் ஒட்டியிருந்தது. தொப்பியில் உப்பு வட்டம் இருக்குமோ? அவள் முந்தானை நுனியைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள், எரிச்சலாக இருந்தது, போயும் போயும் இவனுக்காகவா என்று. இவரோ அழுதுகொண்டிருந்தார். தாராளமாக, கன்னத்தில் வழிய வழிய. எழுந்து நின்று டிவிக்குக் கைதட்டினார். "பார்த்தீங்களாண்ணா! இதுதாங்க கோல்ஃப்! ஒருத்தன் பார்க்கலை. உலகமே பார்த்துக்கிட்டு இருந்தும் ஒருத்தனும் பார்க்கலை. அவன் மனசு பார்த்துச்சு. மூணு கோப்பையவிட இந்த ஒரு அடி பெருசுங்கண்ணா. ஆம்பிளைன்னா இவன் ஆம்பிளை." குரல் உடைந்தது. கேப்டனும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிஜந்தான் சிக்கி." இவர் மூக்கை உறிஞ்சினார், முகத்தைத் துடைத்துக்கொண்டார், மணி பார்த்தார், ஆறு அஞ்சு, அப்புறம் அதே ஈரக் குரலில், இடையில் ஒரு மூச்சுகூட விடாமல், சமையலறைப் பக்கம் திரும்பினார். "அம்முணி, அந்தக் கார்டை முடிச்சுக் கையெழுத்துப் போட்டுக் கொண்டா. அண்ணன் கௌம்பணும்."

அவள் உள்ளே போனாள். பயம் வருமென்று காத்தாள், வந்தது, பதினோரு வயசில் வந்த அதே பயம், அடையாளம் தெரிந்தது. வா, உட்கார், என்றாள் அதற்கு. பென்சிலை எடுத்தாள். ஒரு கோடு இடமிருந்து வலமாக, ஒரு கோடு மேலிருந்து கீழாக. ஏழு. பக்கத்துக் கோட்டில் அம்சவேணி என்று முழுசாக எழுதினாள், ஒரு எழுத்தும் நெளியவில்லை. வலிக்கவும் இல்லை, அல்லது வலித்ததைக் கவனிக்கவில்லை. கொண்டுபோய்க் கேப்டன் கையில் கொடுத்தாள், இவர் நீட்டிய கையில் இல்லை.

முத்துரத்தினம் கண்ணாடியை மூக்கில் ஏற்றி ஒவ்வொரு கட்டமாக விரலை நகர்த்தினார். விரல் நின்றது. "பதினாலு, ஏழா? சிக்கி, போன்ல ஆறுன்னியே? ஏழுன்னா எண்பத்திரண்டு. அப்ப ஆரோக்கியசாமிதானப்பா." இவர் அவளைப் பார்த்தார். அவள் காலித் தட்டைப் பார்த்தாள். சட்னியை யாரும் தொடவில்லை. டிவியில் செம்பட்டை மறுபடி மறுபடி கையை உயர்த்திக்கொண்டிருந்தான், புல் மறுபடி மறுபடி ஆடியது. இவர் கண் அந்தப் பக்கம் போனது, அங்கே கொஞ்ச நேரம் இருந்தது, திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அவள் பார்க்காத முகம் என்று ஒன்று இருக்கிறது போல. "ஆமாங்கண்ணா," என்றார் மெதுவாக. "ஏழுதான். உண்ணிச்செடிக்குள்ள ஒரு வீச்சு, பந்துல படலை. யாரும் பார்க்கலைங்க. மாரப்பன் முன்னால போயிட்டான். இவ அந்தப் பக்கம் செருப்புல முள்ளு எடுத்துக்கிட்டிருந்தா. போன்ல ஆறுன்னு வந்துருச்சு, ஆனா ஊட்டுக்கு வந்து உக்காந்தா மனசு கேக்கலை. நானேதான் சொன்னேன், ஏழுன்னு போடு புள்ளன்னு." கேப்டன் எழுந்தார். அட்டையை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சிக்கி! அங்க அவன், இங்க நீ. ஒரே நாளு! இதை நான் கிளப்ல எல்லாத்துக்கும் முன்னால சொல்லப்போறேன். கோப்பையாவது ஒண்ணாவது." இவர் தலையைக் குனிந்துகொண்டார். எவ்வளவு அழகான குனிவு. ஓ, கோப்பை போனதே நல்லதாகப் போயிற்று இவருக்கு. பலகையில் ஒரு வரி இருந்திருக்கும், இனி ஆயுசுக்கும் இந்தக் கதை இருக்கும், ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், பல் டாக்டரிடம் வாயைத் திறந்துவைத்துக்கொண்டே, யாரும் பார்க்கலைங்க, யாரும் பார்க்கலைங்க. அவள் பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டும். அவளுடைய ஏழு. இரண்டு கோடு. அதையும் எடுத்துக்கொண்டார். கேப்டன் இந்தப் பக்கம் திரும்பினார். "கொடுத்து வெச்சவ தங்கச்சி நீ. உனக்குக்கூடத் தெரியாதாமா அந்த அடி?" யார் பார்த்தீர்கள்? பனி இறங்கியது. சரளைக்கல் தெரிந்தது.

"நான் பார்த்தேனுங்கண்ணா," என்றாள்.

கேப்டன் பிடித்த கையை விடவில்லை, சிரிப்பையும் விடவில்லை. இவர் சத்தமாகச் சிரித்தார். "பார்த்தாளாம்! வெளையாடறாண்ணா. இவளுக்கு எப்பவும் நக்கலு."

"மூங்கிலுக்குப் பக்கத்துல நின்னேன். முள்ளு எடுத்துக்கிட்டேதான் பார்த்தேன். இடது காலைக் கல்லு மேல மாத்தி வெச்சாரு. சட்டை முள்ளுல மாட்டியிருந்துச்சு, இப்பவும் பின்னால கிழிசல் இருக்கும், சட்டை கூடையில கெடக்குது. வீசினாரு. பந்து அசையலை. என்னைப் பார்த்து ப்ராக்டிஸ்னாரு. ஆறுன்னு எழுதச் சொன்னாரு. ஏழுன்னு நான் எழுதினேன். இவரு சொல்லலை." குரல் பிரேயர் மாதிரி வரவில்லை, கரகரவென்று வந்தது, நடுவில் ஒருமுறை உடையக்கூட உடைந்தது. பரவாயில்லை. "வெறுமனே வீசிப் பார்த்தா இவருக்கு நாக்கு வெளிய வராதுங்கண்ணா. உங்களுக்கே தெரியும். அப்ப வந்துச்சு."

டிவியில் விளம்பரம் வந்தது. முத்துரத்தினம் மெல்ல, எதையோ கீழே போட்டுவிடாமல் இறக்கி வைக்கிறவர் மாதிரி, பிடித்திருந்த கையை விட்டார். ஏறெடுத்து சிக்கியின் முகத்தைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். என்ன பதில் சொல்வது என்று மும்முரமாக யோசித்துக்கொண்டு நின்ற தெய்வசிகாமணியின் வாயின் இடது ஓரத்தில், தனக்கே தெரியாமல், நாக்கு நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.